198 குதிரைகள் சாட்சி!

'பட்டார்!'

காலை பதினொன்று பதினேழுக்கு அந்தச் சத்தம் கேட்டது.

அடுத்த விநாடி ஓர் அலறல்.

"ஐயோ... என்னங்க!"

அலறியவள் கண்ணாடி அறைக்குள் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளை அலற வைத்தவர் சோதனைக்கூடத்தின் சிமெண்ட் தரையில் குப்புறக் கிடந்தார்.

அவள் புருஷன்!

அவர் தலைக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கொக்கி. கொக்கியின் வாலில் அரை அடி நீளத்துக்கு அறுந்த பெல்ட். கொக்கியின் மூக்கில் ரத்தம்.

நாலடி தள்ளி, ஒரு புத்தம் புது வெள்ளை எலெக்ட்ரிக் கார், வண்டி சூடாகாமல் காற்றடிக்கும் ஆளுயர விசிறி ஒன்றை முட்டிச் சாய்த்துவிட்டு அதன் மேல் முகம் புதைத்து நின்றது. இன்ஜின் சத்தமில்லை, புகை இல்லை. ஒரு பாவமும் அறியாத மாதிரி!

இந்த இடத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடித்துவிடுவேன்.

கார் கம்பெனிகள் காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதும். இத்தனை குதிரைத்திறன், இத்தனை டார்க் என்று. காகிதம் எதிர்த்துப் பேசாது. இந்தச் சோதனைக்கூடம் பேசும்! தரையில் பதித்த இரண்டு இரும்பு உருளைகள். அவற்றின் மேல் காரின் பின்சக்கரங்களை ஏற்றி, வண்டியைப் பெல்ட் போட்டுத் தரையோடு கட்டி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தால்... கார் நின்ற இடத்திலேயே ஓடும். சக்கரம் உருளையை எவ்வளவு முரட்டுத்தனமாகத் திருகுகிறதோ அது டார்க். அந்த முரட்டு வேலையை எவ்வளவு சீக்கிரம் செய்து முடிக்கிறதோ அது குதிரைத்திறன். இரண்டும் திரையில் கோடுகளாக ஏறும்.

கோடுகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்தான் கீழே கிடந்தவர். ஊரில் அவருக்குப் பெயர் 'தராசு'. ஒரு குதிரை கூட்டிப் போட மாட்டார், ஒரு குதிரை குறைத்தும் போட மாட்டார். அதனாலேயே சிநேகிதர்கள் குறைவு.

அந்த நேரம் கட்டிடத்தில் மொத்தம் நாலு பேர்.

கீழே தராசு. கண்ணாடி அறையில் அவர் மனைவி. காருக்குள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெலவெலத்துப்போய் மனைவியின் தம்பி. பெல்ட் கட்டுவதும், உருளை மேல் வண்டியை ஓட்டுவதும் அவன் வேலை. தராசு அவனை 'மச்சான்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அவன் மச்சானாகிவிட்டான்.

நாலாவது ஆள், வாசல் பக்கம் காபி மெஷினுக்கு அருகே கையில் போனோடு நின்றவர். கார் கம்பெனியின் விற்பனைத் தலைவர். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர்.

கோட்டு ஓடி வந்தார்.

"ஐயய்யோ... என்ன ஆச்சு? யார் பெல்ட்டைக் கட்டினது?" என்றார்.

கீழே கிடந்தவருக்கு உயிர் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை.

* * *

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள். எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார். எல்லோரையும் கிண்டல் செய்வார். கூட வந்த சார்ஜெண்டுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். பேசுவது!

"மேடம், இந்தக் கார் என் ஃப்ரிட்ஜை விட சத்தம் கம்மி மேடம்."

"உன்னை விடவும் கம்மிதான். அந்த மூணு பெல்ட்டையும் எடு."

நாலு பெல்ட்டில் ஒன்று அறுந்திருந்தது. பாக்கி மூன்றும் தரையிலிருந்த வளையங்களைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன.

மனைவி ஆம்புலன்ஸில் புருஷனோடு போய்விட்டாள். மச்சான் சுவரோரம் குந்தியிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"நீதான் கட்டினியா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான்தான் மேடம். நூறு குதிரைக்கு ரெண்டு பெல்ட், அது மாமா கணக்கு. கம்பெனிக்காரங்க சக்கரத்துல 198 குதிரைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அதனால நாலு பெல்ட். ஒவ்வொண்ணுக்கும் முறுக்குப் பிடி பன்னெண்டு தடவை 'கிளிக்'னு சொல்ற வரைக்கும் எண்ணி முறுக்கினேன்."

"மூணு ஓட்டம் வரைக்கும் தாங்கின பெல்ட், நாலாவதுல ஏன் அறுந்துச்சு?"

"தெரியல மேடம்... அடி வரைக்கும் மிதிச்சுக்கிட்டேதான் இருந்தேன். ஆறு விநாடி நல்லாத்தான் ஓடுச்சு. ஏழாவது விநாடி யாரோ முதுகுல எட்டி உதைச்ச மாதிரி..."

"ரொம்ப நல்லா இருக்கு கதை!" கோட்டு குறுக்கே பாய்ந்தார். "மேடம், சொல்ல வேண்டாம்னு பார்த்தேன். காலையில ரெண்டு பேருக்கும் பெரிய சண்டை. நானே கேட்டேன்."

"என்ன சண்டை?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். கோட்டுதான் பதில் சொன்னார்.

"எங்க கம்பெனியில டிரைவர் வேலைக்கு வர்றியான்னு இவனைக் கூப்பிட்டிருந்தேன். இவனும் சரின்னான். அவருக்குப் பொறுக்கல. 'உன் பெல்ட் டைட்டா இருக்குடா, உன் புத்திதான் லூஸு'ன்னு எல்லார் முன்னாடியும் கத்தினார். இவன் என்ன சொன்னான் தெரியுமா? 'ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் நீங்க படுவீங்க மாமா'ன்னான்!"

"கோவத்துல சொன்னேன் மேடம்..." மச்சான் நிமிர்ந்தான். "அவர் எனக்கு மாமா மட்டும் இல்ல. எங்கப்பா போனப்புறம் என்னைப் படிக்க வச்சவர்."

இன்ஸ்பெக்டர் அவனையே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கோட்டிடம் திரும்பினார்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"காபி மெஷின்கிட்ட. போன் பேசிக்கிட்டு. எனக்கு எதுக்கு மேடம் வம்பு? என் வண்டி 198-னு சொன்னேன். மூணு ஓட்டத்துலயும் 198 காட்டிச்சு. பொய் சொன்னவன்தானே பயப்படணும்?"

நியாயம்தான். மூன்று தாள்களும் மேஜை மேல் கிடந்தன. மூன்றிலும் அதே எண். கம்பெனி சொன்னதை இயந்திரம் ஒத்துக்கொண்டுவிட்டது. இவருக்கு என்ன காரணம் இருக்க முடியும்?

"சந்தேகம் இருந்தா போனைப் பாருங்க." கோட்டு தானே நீட்டினார்.

சார்ஜெண்ட் வாங்கிப் புரட்டினார்.

"ஒண்ணும் இல்ல மேடம். நாலு விளையாட்டு, ரெண்டு கால்குலேட்டர், கார் போட்டோ ஒரு ஆயிரம். பெத்த பிள்ளையைக்கூட யாரும் இத்தனை போட்டோ எடுக்க மாட்டாங்க." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரை ஒரு பார்வை பார்த்தார். "ஆமா சார், இவ்ளோ பெரிய வண்டிக்கு 198 தானா? சாது வண்டிதான் போல!"

கோட்டின் இடது இமை துடித்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தார்... விழுங்கிவிட்டார்.

"ஆமா. சாதுதான்" என்றார்.

ஜீப்பில் மச்சானை ஏற்றினார்கள்.

* * *

ஆஸ்பத்திரி வராந்தாவில் பகல் மூன்று மணி.

"மண்டையோட்டுல விரிசல். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாதும்மா. கண் முழிக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

உள்ளே புருஷன் மூச்சு பேச்சில்லாமல். ஸ்டேஷனில் தம்பி கம்பிக்குப் பின்னால். இந்தப் பக்கம் அழுவதா, அந்தப் பக்கம் அழுவதா? அவளுக்குத் தெரியவில்லை. தாலி கட்டியவரைக் கூடப் பிறந்தவன் கொல்லப் பார்த்தான் என்று ஊரெல்லாம் பேசப்போகிறது. அவள் எந்த வாசலில் போய் நிற்பாள்?

சற்று முன் தம்பி போனில் பேசியிருந்தான்.

"அக்கா... நீயாவது நம்புக்கா. பன்னெண்டு கிளிக் எண்ணினேன்க்கா."

அவள் போனை வைத்துவிட்டாள்.

நர்ஸ் ஒரு காகிதக் கோப்பையில் காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கப் பிடிக்கவில்லை. ஆறிவிடக் கூடாதே என்று இடது கையில் கோப்பையைப் பிடித்து, வலது உள்ளங்கையை அதன் மேல் வைத்து மூடிக்கொண்டாள்.

அப்படியே தன் கைகளைப் பார்த்தாள்.

விறைத்துப்போனாள்!

கீழே ஒரு கை. மேலே தட்டையாக இன்னொரு கை.

இதை இன்று காலையில் பார்த்தாளே... எங்கே? யார்?

அவர்தான்!

சோதனைக்கூடத்தில் அந்த ராட்சத விசிறி ஓட ஆரம்பித்துவிட்டால் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. கண்ணாடி அறைக்குள் சுத்தமாகக் கேட்காது. அங்கே கையால்தான் பேச்சு. மூன்றாவது ஓட்டம் முடிந்ததும் அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து இடது கையை முஷ்டியாக்கி, அதன் மேல் வலது உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.

'கடையை மூடிடலாம், இதோட போதும்' என்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். தலையாட்டினாள்.

பிறகு கோட்டின் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைக் காதிலும் சுண்டுவிரலை வாயிலும் வைத்துக் காட்டிவிட்டுக் கையை நீட்டினார். 'போன் வந்திருக்கு, அந்தப் பக்கம் போய்ப் பேசுங்க' என்கிறார் என்று நினைத்தாள். கோட்டும் போனோடு வாசலுக்குப் போனாரே!

இதோடு போதும் என்றவர் நாலாவது ஓட்டத்தை ஏன் ஓட்டினார்?

மூடு என்று அவர் சொல்லவில்லை.

*மூடி* என்று சொன்னார்!

காபி வராந்தாவில் கொட்டியது. அவள் ஓடினாள்.

* * *

"மெதுவாச் சொல்லுங்கம்மா. எனக்குக் கணக்குல எப்பவும் முப்பத்தஞ்சுதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஸ்டேஷன் மேஜையில் மூன்று தாள்களை வரிசையாகப் பரப்பினாள் மனைவி.

"முதல் ஓட்டம். பேட்டரி தொண்ணூறு சதவீதம். 198. ரெண்டாவது ஓட்டம். பேட்டரி அம்பத்தஞ்சு. மோட்டார் சூடு. 198. மூணாவது. பேட்டரி இருபது. தொட்டா கை சுடும். அதே 198!"

"நல்ல வண்டின்னு அர்த்தம்?"

"இல்ல மேடம். பொய் வண்டின்னு அர்த்தம்!"

சார்ஜெண்ட் எட்டிப் பார்த்தார். "சொன்னதைத்தானேம்மா காட்டிச்சு?"

"அண்ணே, நீங்க மாடிப்படி மூணு தடவை ஏறி இறங்குங்க. மூணு தடவையும் ஒரே நேரம் வருமா?"

"மூணாவது தடவை நானே வரமாட்டேன்."

"எலெக்ட்ரிக் காரும் அப்படித்தான். பேட்டரி இறங்கினா பலம் இறங்கும். சூடானா தானே அடக்கிக்கும். உண்மையான எண் ரெண்டு தடவை ஒரே மாதிரி வரவே வராது. பன்னெண்டு வருஷமா நான் அந்தத் திரையைப் பார்க்கிறேன். களைச்சுப்போன குதிரையும் காலையில கிளம்பின குதிரையும் ஒரே வேகத்துல ஓடுதுன்னா... ரெண்டையும் யாரோ கடிவாளத்தைப் பிடிச்சு இழுத்து வச்சிருக்காங்கன்னு அர்த்தம்!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதாவது... வண்டிக்குள்ள 198-ஐ விட ரொம்ப அதிகமா இருக்கு. மேல மூடி போட்டிருக்காங்க."

"ஆமா மேடம். அவரு அதைத்தான் எனக்குக் கையால காட்டினார். நான்தான்... எனக்குத்தான் புரியல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதைப் பாருங்க. நாலாவது ஓட்டம், மறுபடி சார்ஜ் ஏத்தி ஆற வச்ச பிறகு. பெல்ட் அறுந்தாலும் மெஷின் பதிஞ்சு வச்சிருக்கு. வர்ற வழியில கூடத்துல எடுத்துட்டு வந்தேன்."

நாலாவது தாள். ஆறு விநாடி வரை குதிரைக் கோடு மேஜை விளிம்பு போல நேராகப் போனது. ஏழாவது விநாடியில் சுவர் ஏறுகிற பல்லி மாதிரி செங்குத்தாக ஏறி நின்றது.

391!

டார்க் கோடும் கூடவே இரண்டு மடங்கு எகிறியிருந்தது.

"நாலு பெல்ட் எப்படி மேடம் தாங்கும்? எட்டு பெல்ட் வேணும்!"

"உங்க தம்பி முதல்ல பாதி மிதிச்சு, அப்புறம் முழுசா மிதிச்சிருந்தா?"

கேள்வி சுருக்கென்று தைத்தது. ஆனால் அவள் அசரவில்லை.

"மனுஷன் கால் நடுங்கும் மேடம். பாதியில பிடிச்சா கோடு புழு மாதிரி நெளியும். இது நெளியவே இல்ல. அவன் அடி வரைக்கும் மிதிச்சிருக்கான். மூடியை வேற யாரோ திறந்திருக்காங்க. தூரத்துல இருந்து."

"போன்!"

"அவரு கோட்டுக்காரர்கிட்ட போன் சைகை காட்டிக் கையை நீட்டினாரே... 'அடுத்த ஓட்டம் முடிஞ்சதும் உங்க போன் என் கைக்கு வரணும்'னு கேட்டிருக்கார். மாட்டிக்கிட்டோம்னு கோட்டுக்குத் தெரிஞ்சுபோச்சு. கடைசியா ஒரே ஒரு ஓட்டம் பாக்கி. அதுல பெல்ட் அறுந்து வண்டியும் உடைஞ்சு, பழி என் தம்பி தலையில விழுந்துட்டா?"

சார்ஜெண்ட் தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரி. கம்பெனிக்காரன் இல்லாததை இருக்குன்னு சொல்லுவான். இருக்கிறதை எவனாவது இல்லைன்னு சொல்லுவானா?"

"சொல்லுவான்" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "இருநூறு குதிரைக்கு மேல போனா தனி லைசென்ஸ், தனி பரீட்சை. இருநூறுக்குள்ளன்னா நேத்து லைசென்ஸ் வாங்கினவன்கூட வாங்கலாம். காகிதத்துல சாது. வாங்கினவன் காதுல மட்டும், 'போன்ல ஒரு நம்பரைத் தட்டுங்க, மீதிக் குதிரையெல்லாம் வெளிய வரும்'னு ரகசியம். எத்தனை பேர் எந்தச் சுவத்துல போய் முட்டுவாங்களோ!"

எழுந்தார்.

"கூட்டிச் சொன்னா அது விளம்பரம். இவன் குறைச்சுச் சொல்லியே ஆளைச் சாய்ச்சிருக்கான். சார்ஜெண்ட், நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லு."

"அந்தாள் ஒத்துக்குவாரா மேடம்?"

"ஒத்துக்க மாட்டார். ஆனா அவரோட காரை யாராவது திட்டினா அவருக்குத் தாங்காது. திட்டுறதுக்கு உன்னை விட்டா ஆள் யாரு?"

சார்ஜெண்டின் முகம் மலர்ந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் காத்திருந்த உத்தரவு அது.

* * *

மறுநாள் காலை பத்து மணி. சோதனைக்கூடம்.

மச்சானை அழைத்துவந்து ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா அவன் பக்கத்தில் போய் நின்றாள். ஒன்றும் பேசாமல் அவன் தலைமுடியைக் கோதிவிட்டாள். அவன் பொலபொலவென்று அழுதுவிட்டான்.

கோட்டு புது கோட்டில் வந்திருந்தார்.

"கேஸை முடிச்சுட்டீங்களா மேடம்?"

"கிட்டத்தட்ட. ஒரு சின்ன விஷயம். உங்க வண்டியில 198-க்கு மேல ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"சத்தியமா இல்ல. அப்படி ஒரு வசதியே கிடையாது."

"போன்ல திறக்கிற மாதிரி?"

"கிடையவே கிடையாது!"

"நல்லது. சார்ஜெண்ட், பத்திரிகைக்குக் குடுக்கப்போற அறிக்கையைப் படி."

சார்ஜெண்ட் தொண்டையைச் செருமினார். ஒரு தாளைப் பிரித்தார். தாள் வெற்றுத்தாள் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

"இந்தக் காரின் முழு பலத்தையும் நிபுணர்கள் அளந்து பார்த்தனர். கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் நீக்கிய பிறகும் இதன் உச்சபட்ச பலம்... இருநூற்றுப் பத்து குதிரை."

கோட்டின் இமை துடித்தது.

"உருவத்துக்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை. மேட்டில் ஏறும்போது உள்ளே இருப்பவர்கள் இறங்கித் தள்ளுவது நல்லது."

"என்ன மேடம் இது..." கோட்டின் குரல் கரகரத்தது.

"குறுக்க பேசாதீங்க. படிப்பா."

"என் பெரியம்மா பையன் ஓட்டுற ஸ்கூட்டர் இதை விட நல்லா இழுக்கும்."

"அது அறிக்கையில இருக்கா?"

"இல்ல மேடம். சொந்தக் கருத்து." சார்ஜெண்ட் காரின் பக்கம் போய் பானெட்டைச் செல்லமாகத் தட்டினார். "பாவம் சார் இது. டார்க்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொம்மைக்குச் சாவி குடுத்தாகூட இன்னும் கொஞ்சம் முறுக்கும். இருநூத்திப் பத்து! அதுலயும் பத்து நொண்டிக் குதிரையா இருக்கும்..."

கோட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. காது சிவந்தது. எட்டு மாதமாக, பார்க்கிற ஒவ்வொருவரிடமும் '198, சாது வண்டி' என்று சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பேறிய மனுஷன்! எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை இருக்கிறதல்லவா?

"யோவ்!"

கூரை அதிர்ந்தது.

"இருநூத்திப் பத்தா? யாருய்யா அளந்தது? அளக்கத் தெரியுமா உங்களுக்கு? முழுசாத் திறந்தா முந்நூத்தித் தொண்ணூறு! முந்நூத்தித் தொண்ணூறு குதிரை! இந்த ஊர்லயே இதை அடிச்சுக்க இன்னொரு வண்டி..."

நிறுத்தினார்.

சாய்ந்து கிடந்த விசிறியின் ஓர் இறக்கை மட்டும் காற்றில் 'கிறீச்' என்றது.

இன்ஸ்பெக்டர் நாலாவது தாளை எடுத்து அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினார்.

"முந்நூத்தித் தொண்ணூத்தொண்ணு. அப்பவும் ஒண்ணு குறைச்சுத்தான் சொல்றீங்க. பழக்க தோஷம்!"

கோட்டின் கை பைக்குள் போனது. சார்ஜெண்ட் முந்திக்கொண்டார். போன் அவர் கைக்கு வந்தது.

"மேடம், நேத்தே எனக்கு ஒரு குடைச்சல். ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு கால்குலேட்டர்?"

முதல் கால்குலேட்டரைத் திறந்தார். இரண்டும் இரண்டும் நாலு என்றது. இரண்டாவதைத் திறந்தார்.

அது ரகசிய எண்ணைக் கேட்டது!

"கூட்டல் கழித்தலுக்கு எதுக்கு சார் ரகசியம்? மூடிக்குச் சாவி இதுதானே?"

கோட்டு தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக நாலு பேர் பார்க்கக் கோட்டைக் கழற்றினார். உள்ளே சட்டை தெப்பலாக நனைந்திருந்தது.

"கொல்லணும்னு நினைக்கல மேடம்... வண்டி உடையணும், அவ்வளவுதான். அவர் எப்பவும் பின்சக்கரத்துகிட்ட நின்னு காதைக் குடுத்துக் கேட்பார்னு எனக்குத் தெரியாது..."

"தெரியும்!" மச்சான் எழுந்துவிட்டான். "மூணு ஓட்டமும் பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க! அவர் அங்கே நிக்கிறதைப் பார்த்துட்டுத்தான் அமுக்கினீங்க!"

கோட்டு கழற்றிய கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன் அடித்தது.

ஆஸ்பத்திரி!

அவளுக்கு எடுக்கத் தைரியம் வரவில்லை. மச்சான்தான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்மா, நர்ஸ் பேசறேன். உங்க வீட்டுக்காரர் கண் முழிச்சுட்டார்!"

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

"பேச்சு வர ரெண்டு நாள் ஆகும்னு டாக்டர் சொல்றார். ஆனா கையால என்னமோ காட்டிக்கிட்டே இருக்கார்மா. எங்களுக்கு ஒண்ணும் புரியல. ஒரு கையை முஷ்டியாக்கி அது மேல இன்னொரு கையை வைக்கிறார். அப்புறம் மேல் கையை எடுத்துட்டு விரலையெல்லாம் விரிச்சு விரிச்சுக் காட்டுறார். தண்ணி கேட்கிறாரா?"

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

"இல்ல சிஸ்டர்... மூடியைத் திறந்தா எவ்வளவு காட்டிச்சுன்னு கேட்கிறார்!"

"என்னம்மா?"

"முந்நூத்தித் தொண்ணூத்தொண்ணுன்னு சொல்லுங்க. அப்புறம்... அவரு மச்சான் சரியாத்தான் கட்டியிருக்கான்னும் சொல்லுங்க. பன்னெண்டு கிளிக்!"

நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்டது. பிறகு நர்ஸின் சிரிப்பு.

"சொன்னேன்மா. நம்பரைக் கேட்டதும் சிரிச்சார். மச்சான்னதும் தலையைத் தொட்டு ஏதோ சுத்திக் காட்டுறார்..."

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"எனக்குப் புரியுது சிஸ்டர். புத்தி இன்னும் லூஸுங்கிறார்."

கோட்டின் மணிக்கட்டில் விலங்கை மாட்டினார் இன்ஸ்பெக்டர். மாட்டும்போது 'கிளிக், கிளிக்' என்று பொறுமையாக எண்ணினார். வாசலில் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. படியிறங்குகையில் கோட்டு ஒரு தடவை திரும்பி, விசிறி மேல் சாய்ந்து கிடந்த வெள்ளைக் காரை ஏக்கத்தோடு பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தட்டினார்.

"முந்நூத்தித் தொண்ணூத்தொரு குதிரை வச்சிருந்தீங்களே சார்... தப்பிச்சு ஓட ஒண்ணுகூட உதவலையா?"